அன்னபூர்ணா போகிறவர்களே, பையைத் திறங்கள்

அன்னபூர்ணா பேஸ் கேம்ப் போகப்போகிறோம், என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரு பட்டியலோடுதான் வருகிறார்கள். நீளமான பட்டியல். கூடாரம், கேஸ் அடுப்பு, நைலான் கயிறு வரைக்கும் எழுதியிருப்பார்கள். இந்த வழியில் கூடாரம் எதற்கு? பொக்காராவிலிருந்து ஜீப்பில் போய் இறங்கும் இடம் தொடங்கி, 4,130 மீட்டர் உயரத்திலுள்ள பேஸ் கேம்ப் வரை, ஒன்றிரண்டு மணி நேர நடைக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. கூரை, கட்டில், மெத்தை, கம்பளி, சுடுசோறு எல்லாம் அங்கே கிடைக்கும். ஆகவே ஒரு லாட்ஜின் வாசலை விட்டு அடுத்த லாட்ஜின் வாசலை மிதிக்கும்வரை என்ன தேவையோ, அதைச் சுமந்தால் போதும். கூடவே, எந்த லாட்ஜ்காரரும் உங்களுக்குத் தர முடியாத சில பொருள்கள். பட்டியலை ஓரமாக வையுங்கள், பையைத் திறங்கள்.

1. பை 35 அல்லது 40 லிட்டர் கொள்ளளவுக்கு மேல் வேண்டாம். 60 லிட்டர் பை வாங்கினால் இடம் மீந்திருப்பதைப் பார்த்து அம்மா ஒரு டப்பா முறுக்கை உள்ளே வைத்துவிடுவார். தண்ணீரோடு சேர்த்து 8 கிலோவுக்குள் நிற்கப் பாருங்கள். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால், பையை மாட்டிக்கொண்டு ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை ஏறி நின்று பாருங்கள். பிறகு அதே பையோடு அடுக்குமாடியில் பத்து மாடி ஏறி இறங்குங்கள், லிஃப்ட் பக்கம் போகாமல். சோம்ரோங் என்ற ஊர் (2,170 மீட்டர்) வந்ததும் கல்படிகள் ஆற்றங்கரை வரை இறங்கிக்கொண்டே போகும். பாலத்தைத் தாண்டியதும் சினுவாவுக்கு (2,360 மீட்டர்) அத்தனையும் ஏற வேண்டும். திரும்பி வரும்போது, உடம்பில் தெம்பு குறைந்திருக்கும் நேரத்தில், அதே படிகள் மறுபடி வரும். பட்டியலில் எதை அடிப்பது என்று குழம்பும்போதெல்லாம் அந்தப் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இடுப்புப் பட்டை இல்லாத பையை வாங்காதீர்கள். எடை இடுப்பில் உட்கார வேண்டும். தோள்பட்டை பையைப் பிடித்துக்கொள்ள மட்டுமே.

2. நடக்கும்போது உடம்பில் பருத்தி கூடாது. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியை விட்டால் வேறில்லை, அங்கே அதே துணிதான் ஆபத்து. ஏறும்போது வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைக் குடித்துவிட்டு விடாமல் வைத்திருக்கும். மூச்சு வாங்க உட்கார்ந்ததும் காற்று அடிக்கும், முதுகில் ஐஸ் வைத்ததுபோல் இருக்கும். பாலியெஸ்டர் டீ-ஷர்ட், விளையாட்டுக்காரர்கள் போடுகிற மலிவான ரகமே போதும், இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் எடுத்துவருகிற தம்பிக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒருமுறை நனைந்தால் அது காய்வதற்குள் நீங்கள் வீடு திரும்பியிருப்பீர்கள்.

பருத்தியில் இரண்டுக்கு மட்டும் விலக்கு: ஓர் ஈரிழைத் துண்டு, ஒரு லுங்கி. டர்க்கி டவலின் எடையில் கால்பங்குகூட இராது ஈரிழைத் துண்டு. சீக்கிரம் காயும், கழுத்தில் சுற்றலாம், வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொள்ளலாம். லுங்கியின் அருமை திரும்பும் வழியில் ஜினு டாண்டாவின் வெந்நீர் ஊற்றில் தெரியும். ஆற்றோரத் தொட்டியில் இறங்குவதற்கும் கரையில் உடை மாற்றுவதற்கும் அது ஒன்றே போதும். தங்கச்சிகள் ஒரு நைட்டியை வைத்துக்கொள்ளலாம்.

3. இதுதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள். உடுப்பை 'நடைக்கு', 'ராத்திரிக்கு' என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ராத்திரி உடுப்பு என்பது ஒரு தெர்மல் மேல்சட்டை, கால்சட்டை, ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. லாட்ஜ் வந்து சேர்ந்து, உடம்பைத் துடைத்த பிறகுதான் அதைப் போட வேண்டும். காலையில் கிளம்பும் முன் கழற்றி, மடித்து, தண்ணீர் புகாத கவருக்குள் வைத்துவிட வேண்டும். என்ன வந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது.

சொல்வது சுலபம். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு நேற்றைய சட்டை காயாமல் சில்லென்று தொங்கிக்கொண்டிருக்கும். காய்ந்த தெர்மல் உடம்போடு ஒட்டிக் கதகதவென்று இருக்கும். இதையே போட்டுக்கொண்டு போனால் என்ன என்று மனசு கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஈரச் சட்டையைப் போடுங்கள். நடக்க ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் உடம்புச் சூட்டிலேயே அது காய்ந்துவிடும். தெர்மலைப் போட்டுக்கொண்டு போய் அதுவும் வியர்வையில் நனைந்தால், அன்று ராத்திரி 3,700 மீட்டரில் உங்களுக்கு உலர்ந்த துணி என்று ஒன்றுமே இராது. உயர லாட்ஜ்களில் துணியைத் துவைத்து ஒரே ராத்திரியில் காயவைக்க முடியும் என்று எண்ணாதீர்கள். நாலு ஊக்கு எடுத்துக்கொண்டால் ஈரக் காலுறைகளைப் பையின் வெளிப்புறம் குத்தி, நடந்துகொண்டே வெயிலில் காயவைக்கலாம். பார்க்க நன்றாக இராது. அந்த வழியில் யாரும் கவலைப்படுவதில்லை.

இந்தக் கணக்குப்படி நடைக்கு இரண்டு சட்டை, ஒரு முழுக்கால்சட்டை, மேலே போட ஒரு ஃப்ளீஸ், உள்ளாடை மூன்று ஜோடி. வாரம் முழுவதற்கும் இவ்வளவுதான். நாற்றம் அடிக்குமே என்றால், அடிக்கும். எல்லார் மேலும் அடிக்கும்.

4. தடித்த டவுன் ஜாக்கெட்டைச் சென்னையிலோ மதுரையிலோ விலைக்கு வாங்காதீர்கள். அதற்கப்புறம் அது பீரோவில் பூச்சி உருண்டையோடு கிடக்கும். காத்மாண்டுவில் தாமேல் பகுதியிலும், பொக்காராவில் ஏரிக்கரை வீதியிலும் ஜாக்கெட், தூக்கப்பை, நடைக்கம்பு எல்லாம் நாள் வாடகைக்குத் தருகிறார்கள். கடையிலேயே ஜிப்பை ஏற்றி இறக்கிப் பாருங்கள். சற்றே பெரிய அளவாக எடுங்கள், உள்ளே ஃப்ளீஸ் போட இடம் வேண்டும்.

மழைச் சட்டை மட்டும் சொந்தமாக, நல்லதாக இருக்கட்டும். அக்டோபரில் வானம் தெளிவாகத்தானே இருக்கும் என்று அதை விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயல் நினைவிருக்கும். நம் வங்கக் கடலில் எழுந்த அந்தப் புயலின் மிச்சம்தான் இரண்டு நாளில் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிவரும் பாதையில் 5,416 மீட்டரிலுள்ள தோரோங் கணவாயிலும் சுற்றுவட்டாரத்திலும் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது நல்ல பருவம் என்று நம்பி வந்த கூட்டம். கிளம்பும் வாரத்தில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது நமக்குப் பழகிய வேலைதானே.

5. கையுறை இரண்டு ஜோடி. மெல்லியது ஒன்று, காற்றும் ஈரமும் புகாதது ஒன்று. 1950 ஜூன் 3 அன்று அன்னபூர்ணா சிகரத்தை (8,091 மீட்டர்) முதன்முதலில் தொட்டவர்கள் மோரிஸ் ஹெர்சாக், லூயி லாஷனால் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள். எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஒரு சிகரத்தில் மனிதர் கால் வைத்தது அதுவே முதல்முறை. இறங்கும்போது பையைத் திறக்கக் கையுறைகளைக் கழற்றினார் ஹெர்சாக். அவை சரிவில் உருண்டு போய்விட்டன. பனி கடித்துக் கைவிரல்களை இழந்தார், கால்விரல்களையும் இழந்தார். பையில் மாற்றுக் காலுறை இருந்தது, அதைக் கையில் மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை என்று பின்னால் அவரே எழுதினார். நீங்கள் போகிற இடம் அதே மலையின் தெற்கு அடிவாரம், அவ்வளவு குளிர் கிடையாது. இருந்தாலும் விடியற்காலையில் பேஸ் கேம்பில் போட்டோ எடுக்கக் கையுறையைக் கழற்றி வைக்கிறவர்கள், குழந்தைகளுக்குச் செய்வதுபோல் ஒரு நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது நல்லது.

6. ஷூவைப் புதிதாக வாங்கி நேரே விமானம் ஏறாதீர்கள். ஒரு மாதமாவது அதில் நடந்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் கால் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். படிகளில் இறங்க இறங்க நகம் ஷூவின் முனையில் முட்டிக்கொண்டே இருக்கும். நீளமாக விட்டால் கறுத்து, பிறகு கழன்றே விழும். குதிகாலில் சுரீர் என்று ஒரு சூடு தெரிந்ததும் அங்கேயே நின்று பிளாஸ்டர் டேப் ஒட்டுங்கள். கொப்புளம் கிளம்பிய பிறகு ஒட்டிப் பயனில்லை. கூட வருகிறவர்கள் காத்திருப்பார்கள்.

லாட்ஜுக்குள் போட ஒரு செருப்பு வேண்டும். ஹவாய் செருப்பு என்றால் மாலைக் குளிரில் காலுறையோடு போட முடியாது, விரலிடுக்கு வார் விடாது. மேலே குறுக்குப் பட்டை மட்டும் உள்ள லேசான ரகமாகப் பாருங்கள்.

7. லாட்ஜில் கம்பளி தருவார்கள். ஆனால் அக்டோபர், நவம்பர் கூட்டத்தில் தேவுராலியிலும் (3,230 மீட்டர்) அதற்கு மேலேயும் அறை நிரம்பிவிடும். சாப்பாட்டுக் கூடத்தின் பெஞ்சில் படுக்க வேண்டிவரலாம், கம்பளியும் ஆளுக்கு ஒன்றுகூடத் தேறாது. அதனால் வாடகைத் தூக்கப்பை ஒன்று கூடவே வரட்டும்.

இதற்கு எடையில்லாத ஒரு துணை சொல்கிறேன். வீட்டு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், ஒற்றைச் சுவர் உள்ளது, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். படுக்கும் முன் லாட்ஜில் காசு கொடுத்து வெந்நீர் நிரப்பி, ஒரு காலுறைக்குள் போட்டுத் தூக்கப்பையின் அடியில் வைத்துவிடுங்கள். நடுராத்திரி வரை பாதம் சூடாக இருக்கும். காலையில் அதே தண்ணீரைக் குடிக்கலாம். பெருமைக்கு வாங்கிய வாக்குவம் பிளாஸ்க் இதற்கு உதவாது, சூட்டை அது வெளியே விடாது. பகலில் இரண்டு லிட்டர் தண்ணீராவது கையிருப்பில் வேண்டும். காய்ச்சியதையோ குளோரின் மாத்திரை போட்டதையோ மட்டும் குடியுங்கள்.

8. பைக்கு மேலே மாட்டும் மழை உறை காற்றில் பறக்கும். முதுகுப் பக்கமாக வழிகிற தண்ணீரையும் அது தடுக்காது. பைக்குள்ளேயே தடித்த பெரிய பாலிதீன் உறை ஒன்றை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். அதன் உள்ளே பொருள்களைப் பிரித்து வைக்க, கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சப்பை இருக்கிறதே, அதுதான் சரி. சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர்களாக அடுக்காதீர்கள். லாட்ஜ் அறைகளின் தடுப்புச் சுவர் வெறும் பிளைவுட். விடியற்காலை நாலு மணிக்கு ஒருவர் கவரைச் சரசரக்கவிட்டால் அந்த வரிசையே விழித்துக்கொள்ளும்.

பையை ராத்திரியே கட்டி வைத்துவிடுங்கள். இதில் பழக்கத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஹிங்கு குகைக்கு மேலே பள்ளத்தாக்கு குறுகும், பனிச்சரிவு இறங்குகிற இடங்கள் அங்கே இருக்கின்றன. 2020 ஜனவரியில் ஹிங்கு குகைக்கும் தேவுராலிக்கும் நடுவில் நான்கு தென்கொரியர்களும் மூன்று நேபாளிகளும் அப்படி ஒரு பனிச்சரிவில்தான் இறந்தார்கள். பனி இருக்கும் மாதங்களில் வெயில் ஏறிப் பனி இளகுவதற்கு முன் அந்தப் பகுதியைக் கடந்துவிட வேண்டும். வழிகாட்டி ஐந்தரைக்குக் கிளம்பலாம் என்றால் ஐந்தரைக்கே பை தோளில் இருக்க வேண்டும். காணாமல் போன ஒற்றைக் காலுறையைக் கட்டிலுக்கடியில் தேடும் நேரம் அது இல்லை. ஹெட்லேம்ப் எப்போதும் தலைமாட்டில் இருக்கட்டும்.

9. மருந்து. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஹிமாலயா என்ற பெயரில் ஒரு லாட்ஜ் கூட்டம் வரும், 2,920 மீட்டர். அங்கேயே நம் ஊர் உயரத்தைத் தாண்டிவிடுகிறோம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அது மலைநோயாக இருக்கலாம். அசிட்டசோலமைட் மாத்திரையை வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை தருவார்கள். ஆனால் கிளம்பும் முன் உங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், முக்கியமாக சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடி ஏறலாம் என்று பொருளில்லை. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ உடனே இறங்குவதுதான் வைத்தியம். இரவானாலும் இறங்க வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் இப்போது போகிறார்கள், சந்தோஷம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு பங்காக எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதை உறையவிடக் கூடாது; ஒருமுறை உறைந்தால் அது வீண். பகலில் உள்சட்டைப் பையில், ராத்திரி தூக்கப்பைக்குள். குளுக்கோமீட்டரும் குளிரில் வேலை செய்ய மறுக்கும், அதையும் உடம்போடு வைத்திருங்கள். மற்றபடி பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., வயிற்றுப்போக்கு மாத்திரை, டேப். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு மாற்றுக் கண்ணாடி ஒன்று. பனியில் வெயில் இரண்டு பக்கமிருந்தும் சுடும், குளிர்க்கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் அலங்காரம் இல்லை. தேங்காய் எண்ணெய் பாட்டிலை வீட்டிலேயே வையுங்கள், அங்கே அது கல்லாகிவிடும். உதட்டுக்கும் குதிகாலுக்கும் ஒரு சின்ன டப்பி வாசலின் போதும்.

10. சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். எல்லா லாட்ஜிலும் தால் பாத் உண்டு. சோறு, பருப்பு, காய், ஊறுகாய். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். நம் வயிற்றுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் நாலாம் நாள் நாக்கு கெஞ்சும். அதற்கு 200 கிராம் பருப்புப் பொடி, பூண்டு போட்டது. சூடான சோற்றில் ஒரு கரண்டி நெய்யோடு பிசைந்தால் பக்கத்து மேஜைக்காரரும் தட்டை நீட்டுவார். புளிக்காய்ச்சலும் எண்ணெய் ஊறுகாயும் எவ்வளவு கட்டினாலும் கசியும், வேண்டாம். வழியில் கொறிக்க கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சை.

மச்சபுச்சரே சிகரத்தை (6,993 மீட்டர்) அந்த ஊர்க்காரர்கள் புனிதமாக வைத்திருக்கிறார்கள். அதில் ஏற அனுமதியே கிடையாது. மேல் பள்ளத்தாக்குக்குள் இறைச்சி கொண்டுபோவதையும் அவர்கள் விரும்புவதில்லை. நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பொக்காராவிலேயே விட்டுவிடுங்கள், தம்பி.

11. அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதாரை நம்பி எல்லைக்குப் போகாதீர்கள். பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலைந்து. நேபாள ரூபாயைப் பொக்காராவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், சின்ன நோட்டாக, மேலே ஏ.டி.எம். இல்லை. செல்போன் சார்ஜ், வெந்நீர்க் குளியல், வைஃபை எல்லாவற்றுக்கும் தனிக் காசு கேட்பார்கள். பேரம் பேசாதீர்கள். சினுவாவுக்கு மேலே போகிற ஒவ்வொரு கேஸ் சிலிண்டரும் பெரும்பாலும் யாரோ ஒருவர் முதுகில் ஏறித்தான் வருகிறது. ஒரு பவர் பேங்க் போதும். விமானத்தில் அதைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் போனோடு சேர்த்துத் தூக்கப்பைக்குள் வையுங்கள்.

12. போர்ட்டர் வைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம், அது அங்கே பலருடைய பிழைப்பு. அதற்காகப் பையைப் பெரிதாக்காதீர்கள். போர்ட்டர்களின் நலனுக்காக இயங்குகிறவர்கள் நேபாளத்தில் வயதுவந்த ஒருவருக்கு 30 கிலோவை மேல் எல்லையாகச் சொல்கிறார்கள். வழக்கமாக இரண்டு பேருக்கு ஒரு போர்ட்டர் வருவார், அவருடைய துணிமணிக்கும் அதில் இடம் வேண்டும். ஆகவே நீங்கள் கொடுப்பது ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது. சக்கரம் வைத்த சூட்கேஸை ஒருவர் நெற்றிப் பட்டையில் தொங்கவிட்டு ஏறுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவருக்குச் சரியான ஷூ இருக்கிறதா, மேலே தங்க இடமும் கம்பளியும் கிடைக்குமா, காப்பீடு இருக்கிறதா என்று கிளம்பும் முன் ஏஜென்சியிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள், பதில் வரும்வரை நில்லுங்கள்.

போர்ட்டர் உங்களுக்கு முன்னால் போய்விடுவார். மழைச் சட்டை, ஃப்ளீஸ், மருந்து, தண்ணீர், பணம், பாஸ்போர்ட் இவை எப்போதும் உங்கள் தோளில்.

13. தங்கச்சிகளுக்கு: தேதி தள்ளியிருந்தாலும் நாப்கின் எடுத்துக்கொள்ளுங்கள், உயரமும் களைப்பும் கணக்கை மாற்றும். பயன்படுத்தியதை வைக்க உள்ளே தெரியாத ஜிப் கவர் இரண்டு. கீழே வந்துதான் போட வேண்டும், மேலே அதை எரிக்கவோ புதைக்கவோ வழி இல்லை. டாய்லெட் பேப்பரும் மிட்டாய் உறையும் எல்லாருக்கும் அதே கணக்குதான்.

14. ஓர் ஆசைப் பொருளுக்கு அனுமதி உண்டு, கால் கிலோவுக்குள். புல்லாங்குழலோ, சீட்டுக்கட்டோ, ஒரு கதைப் புத்தகமோ, என்னைப் போன்றவர்களுக்குக் காபிப் பொட்டலமோ. லாட்ஜில் மாலை நாலரைக்கே இருட்டத் தொடங்கும், எட்டு மணிக்குத்தான் தூக்கம் வரும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒன்றுதான்.

15. இவ்வளவுக்குப் பிறகும் மீதம் இருக்கும். பொக்காரா ஹோட்டல்களில் அறையைக் காலி செய்யும்போது கேட்டால் பெட்டியைப் பத்திரமாக வைத்துத் தருவார்கள். பெயரையும் திரும்பும் தேதியையும் எழுதி ஒட்டி, பூட்டிக் கொடுங்கள். அதில் ஒரு ஜோடி சுத்தமான உடுப்பும் சோப்பும் கட்டாயம் இருக்கட்டும், திரும்பும் விமானத்தில் உங்கள் பக்கத்து சீட்டில் உட்காரப்போகிறவரை உத்தேசித்து.